என் வீட்டில் நாற்றம் கிடையாது

பிப்ரவரி 3, திங்கள்

காபிப் பொடிக் கடைக்காரனை இன்று நேரிலேயே போய்க் கேட்டுவிட்டேன். இது காபியா, செங்கல் பொடியா என்று. பொட்டலத்தைப் பிரித்து அவனும் மோந்து பார்த்தான், பக்கத்தில் நின்ற இன்னொரு வாடிக்கையாளரிடமும் நீட்டினான். "நல்லாத்தானே இருக்கு" என்றார் அந்த ஆள். இருவரும் கூட்டு.

பொங்கல் சமயத்தில் எனக்குக் காய்ச்சல் வந்து போனதிலிருந்து கடைகளில் வாங்கும் ஒரு பொருளும் சரியில்லை. ஊதுபத்தியில் வெறும் புகைதான் வருகிறது. சந்தன சோப்பும் வண்ணம் பூசிய மெழுகும் ஒன்றுதான். ஃபினாயிலில் பாதித் தண்ணீர். கேட்க ஆளில்லை என்ற தைரியம்.

மாலையில் சென்னையிலிருந்து பிரிசில்லா பேசினாள். மறுபடியும் அந்தப் பழைய கதை. ஜனவரியில் ஒரு நாள் காற்றில் அடுப்பு அணைந்து கேஸ் வெளியேறியது உண்மை. மாடியில் குடியிருக்கும் கீர்த்திகா ஓடி வந்து மூடியதும் உண்மை. அதை அவள் கணவன் தினேஷ் என் மகளுக்குப் போன் போட்டுச் சொல்லியிருக்க வேண்டியதில்லை.

"மார்ச் ஒண்ணாந்தேதி வர்றேன் மம்மி. வந்து பாப்பேன். இன்னொரு தடவ இந்த மாதிரி ஏதாவது நடந்திருந்தா நீங்க தனியா இருக்கிற பேச்சே கிடையாது. பெட்டியக் கட்டி என்கூடக் கூட்டிட்டு வந்துடுவேன்."

தாம்பரத்தில் அவள் ஃப்ளாட்டை நான் பார்த்திருக்கிறேன். துவைத்த துணி சோபாவில், செய்தித்தாள் கட்டிலில், சாவி பழத்தட்டில். அங்கே போய் நான் இருப்பதா? என் வீட்டுக்காரர் இருந்தபோது கட்டிய இந்த வீட்டில், கிராப்பட்டியிலேயே சுத்தமான வீட்டில் இருந்துகொண்டே நான் சாவேன். வரட்டும். வந்து விரலால் தடவிப் பார்க்கட்டும்.

பிப்ரவரி 6, வியாழன்

சமையலறையில் எலி. அரிசி டப்பாவின் மூடியைக் கடித்திருக்கிறது. வீட்டு வேலைக்கு வரும் பூங்கொடி வழக்கம்போல, "ஒரு பூனை வளத்தா என்னம்மா" என்றாள். பூனை முடியை யார் பொறுக்குவது? எலி மருந்து கேக் வாங்கி அடுப்பு மேடைக்குக் கீழே ஒன்றும், கூடத்தில் பழைய ரேடியோகிராம் பாட்டுப்பெட்டிக்குப் பின்னால் ஒன்றும் வைத்தேன்.

மாடியில் கீர்த்திகாவின் வீட்டுக்குப் போயிருந்தேன். தண்ணீர்த் தொட்டி விஷயமாகத்தான். பார்க்கக் கூடாது என்றாலும் கண் படுகிறது. தரையை முதலில் துடைத்துவிட்டு அப்புறம் ஃபேனைத் துடைக்கிறாள். ஒட்டடை, ஃபேன், அலமாரி, நாற்காலி, கடைசியில் தரை என்று மேலிருந்து கீழே வர வேண்டும் என்று சொன்னேன். "சரி ஆன்ட்டி" என்றாள். அவள் சொல்லும் 'சரி ஆன்ட்டி'க்கு அர்த்தம், 'நீங்கள் கீழே போங்கள்.' துடைக்கும் தண்ணீரை ஒவ்வோர் அறைக்கும் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் கூடத்து அழுக்கைப் படுக்கையறைக்குக் குடிவைக்கிறோம். துடைத்த துணியை அலசி வெயிலில் போடாமல் வாளியிலேயே சுருட்டி வைத்தால் அடுத்த நாள் வீடு முழுக்க அந்தத் துணியின் வாடைதான். கான்வென்டில் ஒன்பதாம் வகுப்பில் இதையெல்லாம் எங்களுக்குப் பாடமாக வைத்து மார்க் போட்டார்கள். இவள் எம்.காம். படித்திருக்கிறாள்.

பிப்ரவரி 9, ஞாயிறு

எலி ஒழிந்தது. கேக் காலி, சத்தமும் இல்லை. பூங்கொடிக்குச் சொல்ல வேண்டும்.

பிப்ரவரி 12, புதன்

பூங்கொடி கூடத்தைக் கூட்டும்போது முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

"என்ன ஜலதோஷமா?"

"இல்லம்மா. ஒரு மாதிரி வாடை வருது."

"என் வீட்டுலயா?"

அவள் என் முகத்தைப் பார்த்தாள். "தெருவுல இருந்து வருதோ என்னவோ" என்றாள்.

சாக்கடைதான். மாநகராட்சிக்குப் புகார் எழுத வேண்டும். அதுவரைக்கும் ஜன்னல்களை அடைத்து வைக்கச் சொன்னேன். ஃபினாயிலை இரண்டு மூடிக்குப் பதிலாக ஆறு மூடி ஊற்றினேன். அதுதான் தண்ணீராயிற்றே. பூங்கொடி இருமி இருமித் துடைத்தாள். இந்தக் காலத்தில் வேலை செய்கிறவர்களுக்கு நெஞ்சில் பலமே இல்லை.

சமையலறைக் கழிவுநீர்க் குழாயில் சமையல் சோடாவைக் கொட்டி, வினிகர் ஊற்றி, நுரை அடங்கியதும் கொதிநீர் விட்டேன். மாதம் ஒரு முறை செய்தால் பிளம்பரைக் கூப்பிடும் அவசியம் வராது. ரேடியோகிராமுக்கும் எண்ணெய் தொட்டு மெருகு போட்டேன். முகம் தெரிகிறது.

பிப்ரவரி 14, வெள்ளி

எரிச்சல் தீரவில்லை. எழுதினால் அடங்கும்.

இன்று அன்பியக் கூட்டம் என் வீட்டில். எங்கள் தெருவில் உள்ள, தேவாலயப் பங்கைச் சேர்ந்த வீடுகளில் முறை வைத்துக் கூடி ஜெபிக்கிறோம். என் முறை வந்தால் மற்றவர்கள் தங்கள் வீட்டுத் திரையைத் துவைப்பார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. பூங்கொடி தலைவலி என்று வரவில்லை. எல்லாம் நானே செய்தேன். கண்ணாடிகளை வினிகர் தண்ணீர் தெளித்துப் பழைய செய்தித்தாளால் துடைத்தேன். குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்தேன். கேசரி கிளறினேன்.

சகாயமேரி கூடத்துக்குள் ஒரு காலை வைத்தவள் அப்படியே நின்றாள். "அக்கா, வெளிய வேப்பமரத்தடியில உக்காந்தா காத்தோட்டமா இருக்கும்ல?"

"ஃபேன் ஓடுது, சகாயம்."

"இல்லக்கா, இயற்கைக் காத்து..."

உள்ளேதான் உட்காரவைத்தேன். ஜெபமாலையை ரயிலைப் பிடிக்க ஓடுகிறவர்கள் மாதிரிச் சொல்லி முடித்தார்கள். லூர்து டீச்சர் வேதாகமத்தை முகத்தோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு வாசித்தார். கண்ணாடியை மாற்றச் சொல்ல வேண்டும். கேசரியை யாரும் தொடவில்லை. "சுகர்க்கா" என்றாள் ஒருத்தி. "எனக்கும்" என்றாள் அடுத்தவள். ஒரே நாளில் தெரு முழுக்கச் சர்க்கரை வியாதி!

நிரம்பிய பாத்திரத்தோடு நான் சமையலறையில் நின்றபோது வாசலில் அவர்கள் குசுகுசுப்பது கேட்டது. "நீ சொல்லு." "ஐயோ, நான் மாட்டேன்ப்பா, நீ சொல்லு." என்ன சொல்ல வேண்டும்? பொறாமையை எப்படிச் சொல்லுவார்கள்?

பிப்ரவரி 15, சனி

ஒரு நல்ல செய்தி. இதையும் நானேதான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

நேற்றைய கேசரியைக் கீர்த்திகாவிடம் கொடுக்கலாம் என்று கூப்பிட்டேன். கூடத்தில் வந்து நின்றாள். முகம் வெளுத்தது. வாயைப் பொத்திக்கொண்டு முற்றத்துக் குழாயடிக்கு ஓடி வாந்தி எடுத்தாள். மூன்று நாள் முன்பும் என் வாசலில் அவள் குமட்டியதைப் பார்த்தேன். கல்யாணமாகி நான்கு வருடம். எனக்குத் தெரியாதா?

"எத்தனை நாள் தள்ளிப்போயிருக்கு?" என்று கேட்டேன். திருதிருவென்று விழித்தாள். "அதெல்லாம் இல்ல ஆன்ட்டி" என்று மாடிக்கு ஓடிவிட்டாள். வெட்கம்.

இந்த நிலையில் அந்த அலங்கோலமான வீட்டை அவளால் எப்படிப் பார்த்துக்கொள்ள முடியும்? ஒரு பெரியவர் வந்து ஒழுங்குபடுத்த வேண்டும். குடிவந்தபோது வாங்கி வைத்திருந்த எண்ணில் அவளுடைய மாமியார் ரங்கநாயகியைத் துறையூரில் பிடித்தேன். விஷயத்தைச் சொன்னேன். அந்த அம்மாள் போனிலேயே அழுதுவிட்டார்.

பிப்ரவரி 17, திங்கள்

ரங்கநாயகி வந்து இறங்கினார். ஒரு கூடை பழம், கண்ணாடி வளையல், பூ, குங்குமப்பூ டப்பா. மாடிப்படி ஏறும்போதே குலவைச் சத்தம்.

சற்று நேரத்தில் கீர்த்திகா என் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். செருப்பைக் கழற்றவில்லை.

"எங்க அத்தைகிட்ட யார் ஆன்ட்டி சொன்னா?"

"நான்தான். நீ வெட்கப்பட்டுக்கிட்டு..."

"எனக்கு ஒண்ணுமே இல்ல! போன வாரம்தான் டாக்டர்ட்ட போய் அழுதுட்டு வந்தோம். அவங்க வளையலோட வந்து நிக்கிறாங்க. நான் என்ன சொல்றது?"

"அப்ப வாந்தி?"

"நாத்தம் ஆன்ட்டி! உங்க வீட்டு நாத்தம்! ஹால்ல ஏதோ செத்துக் கெடக்கு. தெருவே பேசுது. உங்ககிட்ட யார் வந்து சொல்றது? கேஸ் போட வந்தவர் செருப்போட ஒரு அடி வச்சதுக்கே தெருமுனை வரைக்கும் திட்டினீங்க!"

இதைச் சொல்லும்போதும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் இருந்தாள்.

பிப்ரவரி 18, செவ்வாய்

எழுத ஒன்றுமில்லை.

பிப்ரவரி 19, புதன்

பெருங்காய டப்பாவைத் திறந்தேன். பிறகு கருவாட்டுப் பானை. பிறகு ஃபினாயில் பாட்டில். காபிப் பொடி. வினிகர் மட்டும் மூக்கில் சுருக்கென்று ஏறியது, அது மணமல்ல, எரிச்சல். மற்றதெல்லாம் வெறும் காற்று. அவர் சட்டை ஒன்றைப் பீரோவில் மடித்து வைத்திருக்கிறேன். அதையும் எடுத்துப் பார்த்தேன்.

சளி இருக்கும். ஒரு மாதத்துக்கு மேல் சளி இருக்கக் கூடாது என்று யார் சொன்னது?

தினேஷ் ரேடியோகிராமின் பின்பலகையைக் கழற்றினான். உள்ளே ஒயர்களுக்கு நடுவே கிடந்தது. அதைப் பற்றி அதிகம் எழுத மாட்டேன். பூங்கொடி வாசலுக்கு ஓடினாள். தினேஷ் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டும் கண்ணில் நீர் வழிய நின்றான். நான் பக்கத்தில் குனிந்து நின்று, "கீழே செய்தித்தாளை விரித்துக்கொள்" என்று சாதாரணமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவன் என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

ஜனவரியில் அடுப்பு அணைந்தபோது நான் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

பெட்டியின் உட்புறத்தைச் சோப்புத் தண்ணீரால் துடைத்து, வெயிலில் காயவிட்டு, அடுப்புக்கரியை ஒரு கிண்ணத்தில் போட்டு உள்ளே வைத்தேன். கரி நாற்றத்தை இழுக்கும். இழுத்ததா என்று பூங்கொடிதான் சொல்ல வேண்டும்.

சாயங்காலம் கீர்த்திகாவைக் கூப்பிட்டு, "பிரிசில்லா வந்துட்டுப் போற வரைக்கும் இத யார்கிட்டயும் சொல்லாதே, தினேஷையும் சொல்லாம இருக்கச் சொல்லு" என்றேன். நான் யாரிடமும் கேட்டு வாங்கிப் பழக்கமில்லாதவள். "சரி ஆன்ட்டி" என்றாள். இந்த முறை அது வேறு மாதிரி ஒலித்தது.

பிப்ரவரி 22, சனி

மாடியில் காலையிலிருந்து ஒரே சத்தம். ரங்கநாயகி ஊருக்குத் திரும்பவில்லை. தினேஷ் வேலைக்குப் போய்விட்டான். துணி காயப்போடும் சாக்கில் முற்றத்தில் நின்றேன்.

"வாந்தி எடுத்தியா இல்லையா? எடுத்தேங்கற. ஏன்னு கேட்டா, வயிறு சரியில்லங்கற. தெனமும் வயிறு சரியில்லாம போச்சா? எதையாச்சும் முழுங்கித் தொலச்சிட்டியா? வேலைக்குப் போகணும்னு என் பேரப்புள்ளய..."

அந்தப் பெண் ஒரு வார்த்தை பேசவில்லை. 'கீழ்வீட்டில் எலி செத்திருந்தது, அந்த நாற்றம்' என்று சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். இவள் சொல்லவில்லை. நான் கேட்டுக்கொண்டதற்காக.

தலையணை உறைகளைக் கொடியில் போட்டேன். ஓரத்தை ஓரத்தோடு சேர்த்து நேராக்கினேன். மறுபடியும் நேராக்கினேன். ரங்கநாயகி வாயுள்ள அம்மாள். தெருக்கோடிக்குச் சொல்லிவிடுவார். பிரிசில்லா வரும் முன்பே அவள் காதுக்குப் போய்விடும். பெட்டியைக் கட்டுவாள். தாம்பரம்.

மேலே ஏதோ பாத்திரம் விழுந்த சத்தம். படியேறினேன்.

ரங்கநாயகி கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கீர்த்திகா சுவரோரமாக நின்றாள். என்னைப் பார்த்ததும் அவள் தலையை மெல்ல ஆட்டினாள், வேண்டாம் என்பது போல.

"வாங்கம்மா, நீங்களே கேளுங்க" என்றார் ரங்கநாயகி. "நீங்கதான போன் போட்டீங்க? இவ என்னமோ மறைக்கறா."

"மறைக்கிறது நான்" என்றேன். "அவ வாந்தி எடுத்தது என் வீட்டு நாத்தத்துல. எலி செத்து அழுகிக் கெடந்தது. யார்கிட்டயும் சொல்ல வேண்டாம்னு அவகிட்ட நான்தான் கேட்டுக்கிட்டேன். கர்ப்பம்னு சொன்னதும் என் தப்பு. அவள ஒண்ணும் சொல்லாதீங்க."

"எலியா?" ரங்கநாயகிக்கு நம்பிக்கை வரவில்லை. "எலி செத்தா தெருமுனையிலயே தெரியுமே! இவ்வளவு சுத்தம் பாக்கற உங்களுக்கா தெரியல?"

"தெரியல. எனக்கு மூக்கு வேலை செய்யல."

அந்த வாக்கியத்தை முதல் தடவையாகச் சொன்னேன். ரங்கநாயகி எழுந்து என் அருகில் வந்தார். குனிந்து, தலையில் வைத்திருந்த மருக்கொழுந்தை என் மூக்குக்கு நேராகக் கொண்டுவந்தார். முன்பின் பழக்கமில்லாத ஒருத்தியின் தலைமுடி என் முகத்துக்கு நேராக!

"இது?"

"இல்ல."

"கொஞ்சங்கூட?"

"இல்லம்மா."

"அடப் பாவமே" என்றார். என்னை யாரும் இதுவரை அப்படிச் சொன்னதில்லை. சொல்ல விட்டதில்லை.

அவர் அப்புறம் மருமகள் பக்கம் திரும்பினார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. "காலைல இருந்து ஒண்ணும் சாப்டலல்ல? வா, தோசை ஊத்தறேன்" என்றார். கீர்த்திகா அப்போதுதான் அழுதாள்.

நான் இறங்கி வந்துவிட்டேன். வரும்போது கீர்த்திகாவின் அடுக்களை மேடையில் மாவு சிந்தியிருந்ததைப் பார்த்தேன். சொல்லவில்லை.

பிப்ரவரி 24, திங்கள்

ரங்கநாயகி ஊருக்குப் போனார். போகும் வழியில் இஸ்திரிக்காரர், பால் பூத், சகாயமேரி என்று மூன்று இடத்தில் நின்று பேசியதைப் பார்த்தேன். சாயங்காலம் சகாயமேரி வந்து, "எங்களுக்கு முன்னாடியே தெரியும்க்கா, நீங்க மனசு கஷ்டப்படுவீங்கன்னுதான்..." என்றாள். தெரிந்திருந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜெபம் சொல்லாமல் என்னிடம் சொல்லியிருக்க வேண்டும் என்றேன். "உங்ககிட்டயா!" என்று சிரித்துவிட்டாள். பிறகு பயந்துபோய் நிறுத்தினாள்.

மார்ச் 1, சனி

பிரிசில்லா பெட்டியைக் கீழே வைக்கும் முன்பே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வேறு யார் வாயிலிருந்தும் அவள் கேட்க வேண்டாம்.

"ஜனவரில இருந்தா?" அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "மம்மி, கேஸ்! நீங்க... கீர்த்திகா வராம இருந்திருந்தா?" அப்புறம் எழுந்து என் பீரோவைத் திறந்து புடவைகளைக் கட்டிலில் போட ஆரம்பித்தாள். நிறவாரியாக அடுக்கியிருந்ததை எல்லாம் கலைத்து.

நான் தடுக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவள் போட்டதை ஒவ்வொன்றாக மடித்தேன். மடித்துக்கொண்டே சொன்னேன். கேஸ் சிலிண்டர் இனி இந்த வீட்டில் வேண்டாம். கரண்ட் அடுப்பில் சமைக்கிறேன். பால், குழம்பு எதுவாக இருந்தாலும் மூடியில் தேதி ஒட்டுகிறேன். காது, மூக்கு டாக்டரிடம் நீ எப்போது கூப்பிட்டாலும் வருகிறேன்.

"அதெல்லாம் சரி. நீங்க கவனிக்காத நாத்தம்? யார் சொல்லுவா?"

கீர்த்திகா காபி டம்ளரோடு வாசலில் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியாது. "நான் சொல்றேன்க்கா" என்றாள். "காலைல ஆபீஸ் போறப்ப ஒரு எட்டு பாத்துட்டுப் போறேன்."

"நீ ஏன் செய்யணும்? இவங்க உனக்குப் பண்ணினதுக்கு?" என்றாள் என் மகள். நியாயமான கேள்வி.

கீர்த்திகா யோசித்தாள். "ஆன்ட்டி மேல ஏறி வந்து சொன்னாங்கல்ல" என்றாள். பிறகு, "ஆனா ஒரு கண்டிஷன். நான் சொன்னா எதிர்த்துப் பேசக் கூடாது. சாக்கடை, தெரு, பொறாமைன்னு ஒண்ணும் சொல்லக் கூடாது."

பிரிசில்லா சிரித்தாள். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்துதான் வரும், சிறு வயதிலிருந்தே. "ஈஸ்டர் வரைக்கும் பாப்போம்" என்று சொல்லிவிட்டு ஒரு புடவையை எடுத்துப் பீரோவில் வைத்தாள். தப்பான அடுக்கில்.

மார்ச் 4, செவ்வாய்

டாக்டர் சிறு பையன். காய்ச்சலில் நரம்பு பாதித்திருக்கும், திரும்பவும் வரலாம், வராமலும் போகலாம் என்றார். இதைச் சொல்ல இவ்வளவு பெரிய கட்டடமா? தினமும் கிராம்பு, எலுமிச்சை, ரோஜா என்று மோந்து பழகச் சொன்னார். பழகுகிறேன். வெறும் காற்று. பிரிசில்லா இரவு பஸ்ஸில் போனாள்.

கரண்ட் அடுப்பில் தோசை விளிம்பு முறுகுவதில்லை.

மார்ச் 7, முதல் வெள்ளி

காலைப் பூசைக்குக் கிளம்பி நின்றேன். கீர்த்திகா கைப்பையோடு இறங்கி வந்தாள். கூடத்தின் நடுவில் நின்று மூக்கை உயர்த்தினாள். முகத்தைப் பார்த்து எதுவும் கண்டுபிடிக்க முடியவில்லை. நான் கதவருகே காத்திருந்தேன்.

"ஹால் ஓகே." குளியலறைக்குள் போய் வந்தாள். "ஓகே." ஃப்ரிஜ்ஜைத் திறந்தாள். "சாம்பார் கொட்டிடுங்க."

"நேத்து வச்சதுதான். தேதி ஒட்டி..."

"ஆன்ட்டி."

கொட்டினேன்.

கிளம்பப் போனவள் என்னைக் கடந்தபோது நின்றாள். ஏதோ சொல்ல வந்து, கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடினாள்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல ஆன்ட்டி."

"சொல்லு. அதுக்குத்தான் வர்ற."

"சேலை." குரல் ரொம்பச் சின்னதாகிவிட்டது. "சரியா காயாம மடிச்சிருப்பீங்க போல. மக்கின வாடை வருது. கோயில்ல எல்லாரும் பக்கத்துல உக்காருவாங்க."

என் வயதில், என் உடம்பில் இருக்கும் துணியைப் பற்றி ஒருத்தர் சொல்லிக் கேட்பது இதுதான் முதல் தடவை. முகம் சுட்டது. மேகமூட்டம், பூங்கொடி பிழிந்தது சரியில்லை, என்றெல்லாம் நாக்கு நுனிவரை வந்தது.

உள்ளே போய்த் தாழிட்டு வேறு சேலை கட்டிக்கொண்டேன். கொசுவத்தை அவசரப்படாமல்தான் வைத்தேன். திரும்பி வந்தபோது அவள் போயிருப்பாள் என்று நினைத்தேன். அவள் ஏற வேண்டிய பஸ் போன சத்தம் எனக்கே கேட்டது. அவள் வாசற்படியிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

பக்கத்தில் வந்து என் தோளருகே குனிந்தாள். நான் அசையாமல் நின்றேன்.

"இப்ப போலாம் ஆன்ட்டி" என்றாள்.